மூடுபனிக்கு எவ்வளவு பெயிண்ட் வேண்டும்?

கேள்வி: ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்கிற காட்சிமுனையிலிருந்து தெரியும் மலைச்சரிவை ஆயில் பெயிண்டில் வரைந்தேன். பாறை, மரம், பனி எல்லாவற்றையும் கத்தியால் தடிமனாகவே பூசினேன். பார்த்தவர்கள், “கனமா இருக்கு, ஆனா ஒண்ணும் சொல்லலையே” என்கிறார்கள். இரண்டு மாதமாகியும் தொட்டால் ஒட்டுகிறது, பனிப்பகுதியில் சுருக்கம் வேறு. தப்பு எங்கே?
– ஏற்காட்டு வாசகி

பதில்: சுருக்கத்தை முதலில் முடித்துவிடலாம். ஆயில் பெயிண்ட் ஈரத் துணி மாதிரி உலர்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. தடிமனாகப் பூசினால் மேலே தோல் கட்டிவிடும், அடியில் இளகலாகவே இருக்கும், தோல் சுருங்கிப்போகும். கூடுதலாக எண்ணெயும் கலந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஏற்காட்டுக் குளிரில் இது இன்னும் மெதுவாகும்.

சரி, ‘ஒண்ணும் சொல்லலையே’ என்பதற்கு வருவோம். பெயிண்ட் மேடாக நிற்கும் இடத்தில் அறை வெளிச்சம் நிஜமாகவே பட்டு, நிஜமான நிழல் விழுகிறது. அங்கே அது பாறையின் படமாக மட்டும் இருப்பதில்லை, தானே ஒரு பொருளாகிவிடுகிறது. பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் இதை அறிந்தவர். வெளிச்சம் படும் காலர், நகை போன்றவற்றில் வெள்ளையை அப்பினார். நிழலை மெல்லிய பூச்சாக விட்டார். மேடு கண்ணில் படுவதே பக்கத்தில் பள்ளம் இருப்பதால்தான். நம் காலத்து ஜெர்மன் ஓவியர் ஆன்செல்ம் கீஃபர் இன்னும் ஒரு படி போய், 1981-ல் வரைந்த ‘மார்கரெத்தே’யில் பெண்ணின் பொன்னிறக் கூந்தலுக்கு வைக்கோலையே ஒட்டினார். வைக்கோல் மக்கும், எரியும். அந்தப் பயம் படத்துக்குள் வந்துவிடுகிறது. வெறும் மஞ்சள் நிறத்தால் அது முடியாது.

உங்கள் பனி என்ன செய்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். மலையைக் கரைக்கிறதா? அப்படியென்றால் காய்ந்த பாறை நிறத்தின்மேல் உலர்ந்த பிரஷ்ஷால் வெள்ளையை லேசாக இழுங்கள், அடியிலிருப்பது தெரியட்டும். இல்லை, ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி ஓட்டுகிறவர் கண்ணை மறைக்கிறதே, அந்தப் பனியா? அப்போது பனியைத்தான் சுவர் பூசுவது போல அப்ப வேண்டும், பாறை மெலிய வேண்டும். எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஆனால் உங்கள் இடம் லேடீஸ் சீட். நின்று பார்க்கிற இடம். முதலாவதுதான் பொருந்தும்.

நல்லவேளை, படம் இன்னும் காயவில்லை. பனிப்பகுதியை மட்டும் கத்தியால் சுரண்டி எடுங்கள். கேன்வாஸ் இழைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளையே பாதிப் பனி. அப்புறம் சேலத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே காற்றோட்டமான அறையில் வையுங்கள், மலைக்குக் கீழே வெப்பத்தில் சீக்கிரம் காயும்.