முதலில் லைசென்ஸைத் திரும்ப வாங்குங்கள், வேலையை அப்புறம் பேசலாம்

கேள்வி: சார், நாங்கள் திருவொற்றியூர். என் தம்பிக்கு 24 வயது, ஹெவி லைசென்ஸ் எடுத்து நான்கு மாதம் ஆகிறது. மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் டிரெய்லர் கம்பெனியில் புரோக்கர் ஒருவர் வேலை பேசிவிட்டிருக்கிறார். மாதம் 18,000, பேட்டா தனி. புரோக்கருக்கு 5,000 கமிஷன். ஒரிஜினல் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை வரும்போது கையெழுத்துப் போட்ட வெற்றுப் பத்திரமும் ஒரு செக்கும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். தம்பியின் நண்பனிடம் கார் லைசென்ஸ்தான் இருக்கிறது. அதுவே போதும், சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது என்று அவனையும் கூப்பிடுகிறார் புரோக்கர். இதெல்லாம் வழக்கம்தானா? முதல் வேலைக்குப் போகிறவன் கம்பெனியிடம் என்ன எதிர்பார்க்கலாம்?

பதில்: வழக்கமா என்றால் வழக்கம்தான் அம்மா. எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் நிற்கும் டிரெய்லர்களில் ஏறி விசாரித்துப் பாருங்கள், ஒரிஜினல் லைசென்ஸ் எங்கே என்றால் பாதிப் பேர் "ஷெட்ல இருக்கு" என்பார்கள். வழக்கமாக நடக்கிறது என்பதால் அது சரியாகிவிடாது. மற்ற கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன், முதலில் தம்பி நாளைக் காலையில் போய் லைசென்ஸைத் திரும்ப வாங்கி வரட்டும். ஜெராக்ஸ் கொடுக்கலாம், அதிலும் குறுக்கே "இந்தக் கம்பெனியில் வேலைக்காக மட்டும்" என்று கம்பெனி பெயரும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். சரிபார்க்க வேண்டுமென்றால் போக்குவரத்துத் துறையின் சாரதி இணையதளத்தில் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும், அதற்கு ஒரிஜினல் எதற்கு?

மோட்டார் வாகனச் சட்டம் 6-வது பிரிவு, தன் லைசென்ஸை இன்னொருவர் பயன்படுத்த விடக்கூடாது என்று வைத்திருப்பவனுக்கே கட்டளை போடுகிறது. 130-வது பிரிவு, போலீஸ் கேட்டால் ஓட்டுநர் லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்கிறது. கம்பெனி டிராயரில் இருப்பதை ரோட்டில் எப்படிக் காட்டுவான்? டிஜிலாக்கரில் இருப்பதைக் காட்டினாலும் செல்லும், அதைத் தம்பியின் போனில் இன்றைக்கே ஏற்றி வைத்துவிடுங்கள். ஆனால் டிஜிலாக்கரில்தான் இருக்கிறதே என்று ஒரிஜினலை விட்டுவிட்டு வரக்கூடாது.

ஏன் இப்படித் துரத்துகிறேன் என்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் காசிமேட்டுப் பையன் ஒருவன், 22 வயது, அம்மாவோடு பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் என் ஆபீசுக்கு வந்தான். கையில் பிளாஸ்டிக் கவர், உள்ளே கோர்ட் சம்மன். வேலைக்குச் சேர்ந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது, லைசென்ஸ் ஷெட்டில். ஒரு ராத்திரி அந்த முதலாளியின் வேறொரு வண்டி ஒரு டூவீலரை அடித்துவிட்டது, அதை ஓட்டியவருக்கு லைசென்ஸ் காலாவதி. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாத ஆள் ஓட்டினான் என்று தெரிந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த நஷ்டஈட்டை முதலாளியிடமே வசூல் பண்ணும். அதனால் டிராயரைத் திறந்து பார்த்திருக்கிறார்கள், பையனின் லைசென்ஸ் புத்தம் புதிதாக இருந்தது, ஓட்டியவன் இவன்தான் என்று காட்டிவிட்டார்கள். "பேரு மட்டும்தான்டா, ரெண்டு நாள்ல ஜாமீன், கேஸை ஆபீஸ் பார்த்துக்கும்" என்றாராம் மேனேஜர். அந்த ராத்திரி பையன் பொன்னேரியில் அக்கா குழந்தையின் காதுகுத்துக்குப் போய்ப் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தான். ஆபீஸ் மூன்று வாய்தா பார்த்துக்கொண்டது, நான்காவதுக்கு வக்கீலே வரவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவன் நின்றான். ஓட்டாத வண்டிக்கு "நான்தான் ஓட்டினேன்" என்று எந்த நிலையிலும் சொல்லக்கூடாது, இதைத் தம்பியிடம் தனியாக உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது வெற்றுப் பத்திரமும் செக்கும். இரண்டும் கிடையாது, ஒற்றை வார்த்தை. "சும்மா சேஃப்டிக்கு" என்பார்கள், யாருடைய சேஃப்டி என்று சொல்ல மாட்டார்கள். வேலையை விட்டு நின்ற அடுத்த மாதம் அந்தப் பத்திரத்தில் இரண்டு லட்சம் கைமாற்று வாங்கியதாக எழுத்து வரும். செக் பவுன்ஸ் வழக்கில் இரண்டு வருடம் வரை தண்டனைக்கு இடம் இருக்கிறது, கையெழுத்து உங்கள் தம்பியுடையதுதானே, அதை மறுப்பதற்குள் நாக்கு தள்ளிவிடும்.

இந்தப் புரோக்கர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். கமிஷன் ஓட்டுநரிடம் ஒரு 5,000, கம்பெனியிடம் தனி. மூன்று மாதத்தில் ஆள் நின்றுவிட்டால் புரோக்கருக்கு நஷ்டமில்லை, அடுத்த ஆளைப் பிடித்து அடுத்த 5,000 வாங்கிக்கொள்வார். ஆகவே ஆள் நிலைக்காத கம்பெனிதான் அவருக்கு நல்ல கம்பெனி. ஓட்டத் தெரிந்தவன் கிடைக்காமல் வண்டிகள் ஷெட்டில் நிற்கிற காலம் இது, ஹெவி லைசென்ஸ் வைத்திருப்பவன் காசு கொடுத்து வேலை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. சாத்தாங்காடு, மாதவரம், மீஞ்சூர் ரோடு என்று நேராகப் போய் ஷெட் வாசலில் டீ குடிக்கிற சீனியர் ஓட்டுநர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "அண்ணே, கணக்கு ஒழுங்கா முடிக்கிறாங்களா?" முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

கணக்கு என்றதும், நான் பார்த்த ஒரு நோட்டுப் பக்கத்தைச் சொல்கிறேன். சம்பளம் 18,000. அட்வான்ஸ் 6,000. டீசல் ஷார்ட் 4,200. டயர் 5,000. மட்கார்டு 1,800. கைக்கு 1,000, பக்கத்தில் கைநாட்டு மாதிரி ஒரு கையெழுத்து. டயர் ரீட்ரெட் போட்டு எத்தனை வருடம் ஆனது, வெயிலில் வெடித்ததா, ஆணி ஏறியதா, யாரும் கேட்கவில்லை. சட்டப்படி நஷ்டத்துக்குப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் ஓட்டுநரிடம் விளக்கம் கேட்க வேண்டும், எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. 18,000-த்தில் 9,000-க்கு மேல் கை வைத்திருக்கவே கூடாது, இங்கே 17,000 போயிருக்கிறது. அதனால் தம்பி தனியாக ஒரு நோட்டுப் போடட்டும். வண்டி எடுக்கும்போது ஓடிய கிலோமீட்டர், எத்தனை லிட்டர், எந்த பங்க், டயர் எப்படி இருந்தது, வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ. ஒவ்வொரு டிரிப்புக்கும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கம்பெனி எதிர்பார்க்கிறது என்பதையும் சேரும் அன்றே கேட்டு எழுதிக்கொள்ளட்டும். வரிசையில் நாள் கணக்கில் இன்ஜினைப் போட்டு அணைத்து ஊர்ந்தால் அந்தக் கணக்கு நிற்காது என்பது கம்பெனிக்கும் தெரியும்.

நியமனக் கடிதம் கேட்கலாமா? கேட்க வேண்டும். 2020 தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது கட்டாயம் என்றே எழுதியிருக்கிறது. கடிதம் தர முகம் சுளித்தால் சம்பளமாவது வங்கிக் கணக்கில், முழுத் தொகையாக வர வேண்டும். "பேங்க்ல 9,000, மீதி கையில" என்பார்கள். அதில் என்ன போயிற்று என்று தோன்றும், கணக்கைப் பாருங்கள். 21,000 வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. இருக்க வேண்டும், முதலில் அதைக் கேளுங்கள். இ.எஸ்.ஐ. இல்லாத ஆளுக்கு வேலையில் உயிர் போனால், வேண்டாத பேச்சுதான், சொல்லாமல் இருக்க முடியாது, மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கு உரிய ஓர் எண்ணால் பெருக்கி நஷ்டஈடு போடுவார்கள். 24 வயதுக்கு அந்த எண் 218.47. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 வரைதான் கணக்கில் எடுப்பார்கள். அந்த 15,000 தாளில் இருந்தால் 16,38,525 ரூபாய். தாளில் 9,000 தான் என்றால் 9,83,115. கையில் வாங்கிய அந்த மீதி, குடும்பத்துக்கு ஆறரை லட்சத்தைத் தின்றுவிடும். அதையும் வாங்க தொழிலாளர் ஆணையர் முன்னால் வருடக்கணக்கில் நடக்க வேண்டும். கம்பெனி வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, ஆணையர் மீட்டிங்கில் இருக்கிறார், ஃபைல் மேலே போயிருக்கிறது. எந்த மேலே என்று எனக்கு இத்தனை வருடத்தில் தெரியவில்லை.

வேலை நேரம் எட்டு மணி, வாரம் 48 என்று 1961-லேயே மோட்டார் தொழிலாளருக்குச் சட்டம் போட்டுவிட்டார்கள், அதற்கு மேல் ஓட்டினால் இரட்டைச் சம்பளம். காசிமேட்டில் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரிசையில் நிற்பவனிடம் இதைச் சொன்னால் சிரிப்பான். நடப்பு என்னவென்றால் டிரிப் கணக்கு. ஓடினால் பேட்டா, நின்றால் ஒன்றுமில்லை. அதனால் தம்பி கேட்க வேண்டியது: துறைமுகத்திலோ, கண்டெய்னர்களை இறக்கி வைக்கும் சி.எஃப்.எஸ். யார்டிலோ 12 மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஹால்டிங் பேட்டா, அதாவது காத்திருப்புப் படி, உண்டா, எவ்வளவு? சரக்குப் பார்ட்டியிடம் கம்பெனி ஹால்டிங் வாங்குகிறதே, அது ஓட்டுநர் வரை இறங்குமா? இதற்கு நேராகப் பதில் சொல்கிற கம்பெனியாக இருந்தால் சேரலாம்.

ஓவர்லோடு: 20,000 அபராதம், மேற்கொண்டு ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஐந்து டன் கூடினால் 30,000. "ஃபைன் ஆபீஸ் கட்டும்" என்பார்கள், கட்டவும் செய்வார்கள். ஆனால் மூன்று மாதம் சஸ்பெண்ட் ஆவது தம்பியின் லைசென்ஸ். எடை மேடை ரசீதைப் பார்க்காமல் நகரக் கூடாது. பெட்டியின் சீல் நம்பரும் தாளில் இருக்கும் நம்பரும் ஒன்றா என்று பார்த்துப் போட்டோ. பெட்டியை டிரெய்லரோடு பிணைக்கும் ட்விஸ்ட் லாக் நான்கும் பூட்டியிருக்கிறதா என்று இறங்கிக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், சூப்பர்வைசர் போட்டாச்சு என்றாலும். பூட்டாத பெட்டி ரவுண்டானா திருப்பத்தில் பக்கத்துக் காரின் மேல் உட்காரும்.

இப்போது நண்பனின் கார் லைசென்ஸ். புரோக்கர் முழுப் பொய் சொல்லவில்லை, அதுதான் ஆபத்து. 2024 நவம்பர் 6-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியையும் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்று சொன்னது உண்மை. ஆனால் 7,500 எதில்? ஏற்றுகிற சரக்கில் இல்லை. வண்டி, டீசல், சரக்கு, ஆள் எல்லாம் சேர்ந்த மொத்த எடையில். எம்டியாக வருகிறது, எடை குறைவுதானே என்றால் அதுவும் செல்லாது, ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை என்று அச்சடித்திருக்கும் எண்தான் கணக்கு. சின்ன யானை என்கிறோமே, அந்த டாடா ஏஸ் தாராளமாக உள்ளே வரும். ஐச்சர் லாரியில் ஒரு மாடல் மயிரிழையில் உள்ளே, அடுத்த மாடல் வெளியே, நின்று பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆர்.சி.யைப் பார்க்காமல் சொல்லவே முடியாது. சரி, எடை உள்ளே வந்துவிட்டது, மணலி கம்பெனியிலிருந்து கெமிக்கல் ஏற்றுகிறது என்றால்? அபாயகரமான சரக்குக்குத் தனிப் பயிற்சி, லைசென்ஸில் தனிப் பதிவு, அந்த விதியை கோர்ட் தொடவில்லை. டிரெய்லர் என்பது லோடோடு 40 டன்னைத் தொடும் வண்டி, 7,500 கிலோ என்பது ஏழரை டன். அந்த நண்பன் டிரெய்லர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்த நிமிடமே லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவன், 5,000 அபராதம், விபத்து என்றால் நான் மேலே சொன்ன டிராயர் கதை. அவனைச் சின்ன யானையில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள், கெட்டுப்போகாது.

தம்பிக்கும் ஒன்று. நான்கு மாத லைசென்ஸோடு 40 அடி பெட்டியை முதல் நாளே தனியாகக் கொடுக்கிற கம்பெனி, வண்டியைப் பற்றியும் கவலைப்படவில்லை, ஆளைப் பற்றியும் கவலைப்படவில்லை. இரண்டு மூன்று வாரமாவது சீனியரோடு அனுப்பச் சொல்லிக் கேட்கட்டும், பேட்டா குறைந்தாலும் பரவாயில்லை. ரிவர்ஸில் டிரெய்லரை யார்டுக்குள் விடுவது டிரைவிங் ஸ்கூலில் வராது. கொடுக்கப்போகும் வண்டியின் நம்பரை எம்பரிவாகன் செயலியில் போட்டால் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் எதுவரை என்று வந்துவிடும், தேதி முடிந்திருந்தால் சாவியைத் தொட வேண்டாம்.

நாளை லைசென்ஸ் கேட்கப் போகும்போது புரோக்கரைக் கூட்டிப் போகாதீர்கள், நீங்களே கூடப் போங்கள். "வங்கிக் கணக்குத் தொடங்க ஒரிஜினல் வேண்டும்" என்று சாக்குச் சொல்லிக் கேட்டால்கூட எனக்கு ஆட்சேபணை இல்லை. தர மறுத்தால் எந்தத் தேதியில் யாரிடம் கொடுத்தான் என்று எழுதி, திருப்பித் தரச் சொல்லி, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள், அதன் நகலை வைத்து அந்த ஏரியா போலீஸ் ஸ்டேஷனில் புகார். ரைட்டர் "இதுக்கெல்லாமா வருவீங்க" என்பார். புகார் பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் எழுந்து வராதீர்கள், திங்கட்கிழமை ராத்திரி அந்த ஷெட் வண்டி எங்காவது மோதினால் அன்றைக்கு லைசென்ஸ் உங்களிடம் இல்லை என்று காட்ட அந்தத் துண்டுச் சீட்டுதான் இருக்கும்.