பதில்: செல்போனைப் பார்த்துச் செய்யும் யோகாவில் ஒட்டுதல் வரவில்லை

சகோதரி, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊருக்குக் குடிவந்து ஆறு மாதமாக வீடியோ பார்த்துத் தனியாக யோகா செய்தும் மனசு வெறுமையாகவே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். குறை உங்களிடம் இல்லை. மூச்சைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் கண் திரையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு வாரம் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வடகடல் பக்கம் போங்கள். உங்கள் ஊருக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. அதுதான் வடகடல். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் வடகடல் பெரும்பாலும் அமைதியாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அது கொந்தளிக்கும், அப்போது வீட்டுத் திண்ணை போதும். மணலில் கால் புதையும், அதனால் ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம் மாதிரி நின்று செய்பவற்றை விட்டுவிட்டு உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்யுங்கள். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். மூச்சை அடக்க வேண்டாம்.

அப்புறம், முக்கியமானது: பக்கத்து வீட்டு அக்கா ஒருவரையாவது கூப்பிடுங்கள். நானும் உச்சிப்புளியில் தனியாகத்தான் தொடங்கினேன். எதிர்வீட்டு அம்மா வந்து உட்கார்ந்த பிறகுதான் ஒருநாள்கூட விடாமல் செய்கிறேன். ஒருநாள் நான் போகாவிட்டால் அவர் வந்து கதவைத் தட்டுவார். வீடியோ தட்டாது.

பத்து நாள் கழித்து எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள், காத்திருப்பேன்.