ஆர்எக்ஸ் 100 வண்டிக்கு எஃப்இசட் முன்பக்கம் மாட்டலாமா?

கேள்வி: அப்பா ஓட்டிய 1994 யமஹா ஆர்எக்ஸ் 100 என்னிடம் இருக்கிறது. வியாசர்பாடியிலிருந்து எண்ணூருக்குத் தினமும் இதில்தான் வேலைக்குப் போகிறேன். முன் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பயமாக இருக்கிறது. யமஹாவின் இன்னொரு மாடலான எஃப்இசட் வண்டியின் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்), டிஸ்க் பிரேக், இரண்டு அலாய் வீல் எல்லாம் சேர்த்து ரூ.28,000க்கு மாட்டித் தருவதாக ஒரு மெக்கானிக் சொல்கிறார். பழைய சாமானைக் கொடுத்தால் ரூ.2,000 குறைப்பாராம், ஆர்.சி.யிலும் ஏற்றித் தருவாராம். செய்யலாமா?

பதில்: தம்பி, வேண்டாம். காரணத்தை நீளமாகச் சொல்கிறேன், ஆனால் விடை இதுதான். உங்கள் குறை முன் பிரேக். அவர் விற்பது முழு முன்பக்கமும், கூடவே பின் சக்கரமும். பல்வலி என்று போனவனுக்குப் பல்செட் கட்டி அனுப்புகிற கதை.

முதலில் இருக்கிற டிரம் பிரேக்கைப் பாருங்கள். ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரை வந்த வண்டி. 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவை ஒட்டி. அந்த எடைக்கு அந்த டிரம் போதும், அது ஒழுங்காக இருந்தால். முப்பது வருடமாக யார் யாரோ கைவைத்த டிரம் ஒழுங்காக இருக்காது, அவ்வளவுதான் விஷயம். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, வேறு யாரையாவது பிரேக்கை நன்றாகப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒயர் வந்து சேருகிற சின்ன லீவர் இருக்கிறதே, பிடித்த நிலையில் அதுவும் ஒயரும் 'ட' எழுத்தின் மூலை மாதிரி நேராக மடங்கி நிற்க வேண்டும். டிரம்முக்குள் உரசிப் பிடிக்கிற ஷூ தேயத் தேய நாம் நட்டை முறுக்கிக்கொண்டே போவோம், லீவர் அந்த மூலையைத் தாண்டிச் சாய்ந்துவிடும், அப்புறம் கை வலிக்க அழுத்தினாலும் பாதி பலம் வீண். ஷூவை மாற்றாமல் லீவரை மட்டும் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டுக் காசு வாங்குகிறவர்களும் உண்டு. நாலு நாள் அருமையாகப் பிடிக்கும், ஐந்தாம் நாள் உங்கள் பாடு.

புது ஷூ, புது ஒயர், டிரம் முட்டை வடிவமாகியிருந்தால் லேத்தில் லேசாகக் கடைசல். எல்லாம் சேர்ந்தாலும் அவர் கேட்கிற காசுக்குப் பக்கத்திலேயே வராது. ஷூ முழுசாக உட்கார ஓரிரு வாரம் பிடிக்கும், அதுவரை 'மறுபடியும் பிடிக்கவில்லையே' என்று பதறாதீர்கள். வண்டி கடற்கரைப் பக்கமே ஓடுகிறது என்பதால் ஃபோர்க் பைப்பையும் துடைத்துப் பாருங்கள். உப்புக்காற்றில் குரோம் பொடிப்பொடியாக அரித்திருந்தால் எத்தனை ஆயில் சீல் போட்டாலும் ஒழுகும், அந்த எண்ணெய் டிரம் பக்கம் இறங்கினால் பிரேக் எங்கே பிடிக்கும்?

டயர் ஓரத்தில் குட்டி நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது. உங்களுடையதில் என்ன எண் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் இதுமாதிரி எழுதுகிறவர்கள் பலரிடம் நான் பார்க்கிற டயர் விரலால் தட்டினால் பலகை மாதிரி இருக்கும். ஆர்எக்ஸின் முன் டயர் 2.50-18, சைக்கிளுக்கு அண்ணன் என்று சொல்லலாம். வண்டியைக் கடைசியில் நிறுத்துவது அந்த ரப்பர்தான். கன்டெய்னர் லாரிகள் மண்ணும் தூசியும் உதிர்த்துக்கொண்டு போகிற எண்ணூர் நெடுஞ்சாலையில், காய்ந்துபோன டயருக்கு மேலே எந்த டிஸ்க்கைப் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளும், நீங்கள் வழுக்கிக்கொண்டு போவீர்கள்.

இப்போது அவருடைய எஃப்இசட் செட்டுக்கு வருவோம். எஃப்இசட்டின் ஃபோர்க் பைப் குறுக்களவு 41 மில்லிமீட்டர், ஆர்எக்ஸ் பைப் அதன் பக்கத்தில் கரும்புக்கு முன்னால் மூங்கில் குச்சி. அந்தப் பைப் ஆர்எக்ஸின் டி-ஸ்டெமில், அதாவது இரண்டு பைப்பையும் சேர்த்துப் பிடித்து வண்டிக் கழுத்தில் திரும்புகிற பிடியில், நுழையாது, எஃப்இசட்டின் டி-ஸ்டெம் ஆர்எக்ஸ் கழுத்தில் இருக்கிற கோன் செட் என்கிற பேரிங்கில் உட்காராது. அதனால் என்ன செய்வார்கள் என்றால், கழுத்துக்குள் போகிற தண்டை ஆர்எக்ஸிலிருந்து உருவி, எஃப்இசட்டின் கீழ்ப்பிடியில் லேத்தில் துளை போட்டு இறக்கி, சுற்றி வெல்டு வைத்து, பெயின்ட் அடித்துவிடுவார்கள். பார்ப்பதற்குக் கம்பெனி சாமான் மாதிரியே இருக்கும். போன மாதம் அப்படி ஒன்று என் மேஜைக்கு வந்தது, ஓட்டியவருக்கு ஹேண்டில் ஆடுகிற மாதிரி ஒரு சந்தேகம். பெயின்ட்டைச் சுரண்டினால் வெல்டை ஒட்டி முக்கால் வட்டத்துக்கு மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. பாக்கி கால் வட்டத்தை நம்பி அவர் தினமும் மணலி போய்வந்திருக்கிறார்.

லேத்காரர்களை நான் குறை சொல்லவில்லை. நம் பக்கத்து லேத்துகளில் கப்பல் சாமானையே கடைந்து கொடுக்கிற கைகள் இருக்கின்றன. ஆனால் அது எந்த இரும்பு, எவ்வளவு சூட்டைத் தாங்கும், பிரேக் பிடிக்கும்போது எவ்வளவு பாரம் விழும் என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை, சாமானைக் கொண்டுபோகிற மெக்கானிக்குக்கும் தெரியாது.

எடைக் கணக்கும் உதைக்கும். எஃப்இசட் ஆர்எக்ஸைவிட முப்பது கிலோவுக்கு மேல் கனம், அதற்கென்று வைத்த ஸ்பிரிங் உங்கள் வண்டியில் அமுங்காமல் ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ளும். பின்னால் 140 அகல டயரை ஆர்எக்ஸின் பின் சக்கரத்தைப் பிடிக்கிற ஸ்விங் ஆர்முக்குள் திணித்தால் செயின் டயரை உரசும், செயினை வெளியே தள்ள ஸ்பிராக்கெட்டுக்கு வாஷர், வாஷருக்கு மேல் வாஷர். ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்: 17 அங்குலம் போட்டால் வண்டி தாழ்ந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள், அது சரியல்ல. 100/80-17 டயரோடு சேர்த்து அளந்தால் உயரம் ஏறக்குறைய பழைய 18 அங்குலச் சக்கரம் அளவுதான் வரும். ஸ்பீடோ ஒயர்தான் அனாதையாகத் தொங்கும்.

சரி, வேறு வண்டிச் சாமானே போடக் கூடாதா என்றால் ஒரு விலக்கு உண்டு. கம்பெனியே அதே மாடலை டிரம்மிலும் டிஸ்க்கிலும் விற்றிருந்தால், டிரம் வண்டிக்கு அந்த டிஸ்க் வண்டியின் முன்பக்கத்தைப் போடலாம். ஹோண்டா ஷைன் அப்படி வந்தது. இதை அரைகுறையாகப் புரிந்துகொண்டுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கேளுங்கள்: டிஸ்க் பிளேட்டும் அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரும் மட்டும் வாங்கி வந்தால் ஆகாது. காலிப்பர் உட்காரக் காது வைத்த ஃபோர்க்கின் அடிப்பாகம், டிஸ்க்குக்கான ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) உள்ள சக்கரம், அச்சு, புஷ், ஹோஸ், மேலே லீவர் பக்கத்தில் பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர், எல்லாம் அதே வண்டியிலிருந்து, அதே தலைமுறையிலிருந்து வர வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் வருடம் மாறினால் அளவு மாறியிருக்கும். காலிப்பர் ஒன்று, மாஸ்டர் சிலிண்டர் இன்னொன்று என்று கலந்தால் லீவர் ஒன்று கல்லாக இருக்கும், இல்லை பஞ்சாக இருக்கும். இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற புது வண்டி என்றால் அதுவும் கிடையாது, விட்டுவிடுங்கள். இந்த விலக்கு உங்கள் ஆர்எக்ஸுக்குப் பொருந்தாது, ஆனால் 'ஷைனுக்குப் போட்டேனே, ஆர்எக்ஸுக்கு என்ன' என்று உங்கள் மெக்கானிக் ஆரம்பிப்பார், அதற்காகச் சொன்னேன்.

பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டையில் செட் எடுத்துத் தருகிறேன் என்று கூடவே ஒரு ஆள் வருவார். அவருக்குக் கடையிலும் கமிஷன், உங்களிடமும் கமிஷன். பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள், திருட்டு வண்டிச் சாமான் என்றால் ஸ்டேஷனில் உட்காரப்போவது நீங்கள்தான். கழற்றி விற்கிற முன்பக்கம் பல நேரம் முன்பக்கம் அடிபட்ட வண்டியுடையதாகவே இருக்கும். பைப்பைக் கண்ணாடிப் பலகைமேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். அலாய் வீலில் ஹப்பை ஒட்டி மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடியைத் தேய்த்துப் பாருங்கள், விரிசல் இருந்தால் ஈரக்கோடு மேலே வரும். இதைச் செய்யவிடாத கடையில் நிற்காதீர்கள்.

ஆர்.சி.யில் ஏற்றித் தருகிறேன் என்றாரே, அது சுத்தப் புளுகு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் மரத்தடியில் ஸ்டூல் போட்டிருக்கிற புரோக்கர் காசை வாங்கிக்கொண்டு ஒரு காகிதத்தில் சீல் குத்தித் தருவார், அந்தச் சீலுக்குக் கம்ப்யூட்டரில் அர்த்தம் கிடையாது. உங்கள் வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அன்றைக்குத்தான் தெரியும். அங்கே மட்டும் என்ன வாழ்கிறது? சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள், ஹாரன் அடிக்கச் சொல்வார்கள். இத்தனை வருடத்தில் பிரேக்கை ஒருவர் அழுத்திப் பார்த்து நான் பார்த்ததில்லை. சைலன்சர் சத்தத்துக்கு நிறுத்துகிறார்கள், கழுத்து வெல்டுக்கு நிறுத்துவதில்லை.

கடைசியாக அந்த ரூ.2,000. கழற்றுகிற சாமானை எதற்காகக் கேட்கிறார் என்று யோசித்தீர்களா? 1996ஓடு நின்றுபோன வண்டியின் ஒரிஜினல் ஃபோர்க், ஹப், டி-ஸ்டெம் அது. பழைய ஆர்எக்ஸைப் புதுசு மாதிரி கட்டுகிறவர்கள் இதற்காக ஊர் ஊராக அலைகிறார்கள், அவர் போனில் அதற்கு ஏற்கெனவே ஆள் இருப்பான். டிரம்மை வேறு இடத்தில் சரிசெய்யக் கொடுத்தாலும் சக்கரத்தை மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள், வேலை முடிகிறவரை பக்கத்திலேயே உட்காருங்கள்.