அவருக்கு இதில் என்ன ரியாக்‌ஷன்?

கேள்வி: எனக்கு வயது 37. ஈரோடு பக்கம் சொந்தமாகத் தறிப்பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா தவறிய பிறகு அம்மா எங்களோடுதான் இருக்கிறார். ராத்திரி ஏழு மணிக்கு டிவியைப் போட்டால் பத்து மணி வரை சீரியல்தான். அம்மா என் மனைவியை வில்லியைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனைவி சீரியல் கதாநாயகி மாதிரி கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். நான் ஹாலில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருப்பேன். இவள் சமையலறை வாசலில் தோசைக் கரண்டியோடு நின்றபடியே பார்ப்பாள். விளம்பரம் வந்தால்தான் அடுத்த தோசை வரும், அந்த அளவுக்கு அடிமை. எட்டு வயது மகள்கூட, திட்டினால் ‘டொய்ங்’ என்று சத்தம் கொடுத்து மூன்று தடவை கழுத்தைத் திருப்புகிறாள். கேபிளைத் துண்டித்துவிடலாமா? சீரியல் பெண்களை எப்படிக் கெடுக்கிறது என்று நீங்கள் விளக்கி எழுதினால் இருவருக்கும் படித்துக் காட்டுவேன்.

பதில்: படித்துக் காட்டுங்கள் தம்பி. ஆனால் முழுசாகப் படிக்க வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது.

இந்தக் கடிதம் எனக்கு மாதம் நாலு வருகிறது. ஊர் மாறும், கதை மாறாது. எழுதுவது எப்போதும் மகன். அம்மா இப்படி, மனைவி அப்படி, எல்லாவற்றுக்கும் சீரியல்தான் காரணம். உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. ‘தோசைக் கரண்டியோடு நின்றபடியே பார்ப்பாள்.’ அடிமைத்தனத்துக்கு அத்தாட்சியாக அதை எழுதியிருக்கிறீர்கள். மகளுக்கே எட்டு வயது என்றால் கல்யாணமாகி ஒன்பது வருஷமாவது ஆகியிருக்கும். இந்த ஒன்பது வருஷத்தில் அந்தப் பெண் ஒரு எபிசோடையாவது முழுசாக உட்கார்ந்து பார்த்திருக்கிறாளா? அம்மா வயசானவர், உட்காரட்டும். நீங்கள்? நீங்கள் பார்க்காத சீரியலுக்கு உங்களுக்கு சோபா. பார்க்கிறவளுக்கு வாசல்படி.

அவள் நிற்கிறாள் என்பது உங்களுக்குத்தான் உறைக்கவில்லை. சீரியல் எடுக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சீரியலுக்கு எட்டு மாதம் வசனம் எழுதினேன். பெயர் வேண்டாம். முதல் நாளே எனக்குச் சொன்ன பாடம்: “பாத்திரம் கழுவுறவங்களுக்கும் புரியணும் மேடம்.” அதனால்தான் ஒருவர் சொன்னதை அடுத்தவர் “என்னது, சின்ன மருமக வீட்டை விட்டுப் போயிட்டாளா?” என்று திரும்பச் சொல்கிறார். உங்கள் மகள் கொடுக்கிற அந்த ‘டொய்ங்’ எதற்கு என்று நினைத்தீர்கள்? ஹாலில் இருப்பவருக்கு அது தேவையில்லை, அவருக்குத்தான் முகம் தெரிகிறதே. அடுப்பைப் பார்த்து நிற்பவளைத் திரும்பிப் பார்க்கச் சொல்லி அடிக்கிற மணி அது. ஒரே முகத்தை மூன்று தடவை காட்டுவது ஏக்தா கபூரின் இந்தி சீரியல்கள் 2000-க்குப் பிறகு பிரபலமாக்கிய உத்தி. ஊரே கிண்டல் செய்தது. அடுப்படியிலிருந்து யோசித்துப் பாருங்கள். முதல் தடவை காதில் விழும், இரண்டாவது தடவைக்குள் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிடலாம், மூன்றாவது தடவை முகத்தைப் பார்த்துவிடலாம்.

இது நம் ஊர்க் கண்டுபிடிப்பும் இல்லை. 1930களில் அமெரிக்க ரேடியோவில் வீட்டுப் பெண்களுக்காகப் பகல் நேரத் தொடர்கள் வந்தன. சோப்புக் கம்பெனிகள் பணம் போட்டதால் ‘சோப் ஆபரா’ என்ற பெயரே வந்தது. டானியா மாட்லெஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களின் தொடக்கத்தில் டிவி தொடர்களைப் பற்றி எழுதியது இன்றைக்கும் பொருந்தும். நடுநடுவே வேலைக்கு எழுந்து போகிறவளின் பொழுதுக்கு ஏற்றபடிதான் கதை துண்டு துண்டாக நகர்கிறது என்றார். விடாமல் வருகிற குளோசப்புகள், வாய் சொல்லாததையும் முகத்திலிருந்து படிக்கப் பெண்ணைப் பழக்குகின்றன என்றும் சொன்னார். வீட்டிலும் அது அவள் வேலைதானே? யாருக்குப் பசி, யாருக்குக் கோபம், யார் முகம் வாடியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது.

இனி நீங்கள் கேட்ட விளக்கம். நான் வசனம் எழுதிய சீரியலின் ஷூட்டிங் சென்னை வளசரவாக்கத்தில் ஒரு வாடகை பங்களாவில், அதுதான் கதையில் வரும் எங்கள் ‘பெரிய வீடு’. ஹால் சீன், எட்டுப் பேர். மாமனாராக நடித்தவருக்கு மாதத்தில் நாலு நாள்தான் கால்ஷீட். சோபாவில் உட்கார்ந்து, “எனக்கு வெளியில வேலை இருக்கு, நீங்களே பேசி முடிவு பண்ணுங்க” என்று ஒரு வசனம், வாசலைப் பார்த்து ஒரு நடை, முடிந்தது. காரில் ஏறிப் போய்விடுவார். அப்புறம்தான் பெண்களின் குளோசப். லைட்டை ஒரு பக்கம் வைத்து அந்தப் பக்கத்து முகங்களையெல்லாம் வரிசையாக எடுப்பார்கள். மாமனார் இருந்த இடத்தில் அசிஸ்டென்ட் ஒரு பையன் கையைத் தூக்கிக் காட்டுவான். அந்தக் கைதான் மாமனார். அதைப் பார்த்து மருமகள் கண் கலங்க வேண்டும், மாமியார் முறைக்க வேண்டும், நாத்தனார் உதட்டைச் சுழிக்க வேண்டும். கிளிசரின் வேறு. நாள் முழுக்க அந்தப் பெண்கள் ஒரு பையனின் கையைப் பார்த்து அழுதார்கள்.

எடிட்டிங்கில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தேன். மாமியார் முகம், கட், மருமகள் முகம், கட், மறுபடி மாமியார். நடுவில் மகன் நிற்கிறான். வைட் ஷாட்டில் நன்றாகவே தெரிகிறான். அவன் முகத்துக்கு ஏன் ஒரு கட்கூடப் போகவில்லை என்று எடிட்டரைக் கேட்டேன். “அவருக்கு இதுல என்ன ரியாக்‌ஷன் மேடம்?” என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். பெற்ற தாயும் கட்டிய மனைவியும் அவன் வீட்டு ஹாலில், அவன் கண்ணெதிரே, ஒருவரையொருவர் கிழித்துக்கொள்கிறார்கள். அவனுக்கு ரியாக்‌ஷன் இல்லையாம்.

சீரியல் பெண்ணைக் கெட்டவளாகக் காட்டுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். காட்டுகிறதுதான். வில்லிக்குப் பெரிய பொட்டு, கீழேயிருந்து மேலே பார்க்கும் கேமரா. நல்லவளுக்குப் பூஜை அறை விளக்கு வெளிச்சம். அதெல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யார் முகத்துக்கு கேமரா போகவே இல்லை என்பதுதான் யார் கண்ணிலும் படுவதில்லை. முகம் காட்டாதவன் மேல் பழி விழாது. சண்டை எப்போதும் இரண்டு பெண்களுக்கு நடுவில்தான் நடந்ததாக இருக்கும். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 2022-ல் வந்த ‘எதிர்நீச்சல்’ தொடரில் மறைந்த மாரிமுத்து நடித்த ஆதி குணசேகரனின் முகத்தை கேமரா விடாமல் பிடித்தது. அவர் உட்கார்ந்திருப்பார், வீட்டுப் பெண்கள் சுற்றி நிற்பார்கள். அதைப் பார்த்து ஆண்கள் நீங்கள் என்ன செய்தீர்கள்? மீம் போட்டுச் சிரித்தீர்கள்.

இப்போது உங்கள் கடிதத்தை எடுங்கள். அம்மா பார்க்கிறார், கட், மனைவி அழுகிறாள், கட், மகள் கழுத்தைத் திருப்புகிறாள். நீங்கள் ஒரே ஒரு ஷாட்டில் வருகிறீர்கள், அதிலும் செல்போனைப் பார்த்துக்கொண்டு. அம்மா சொன்ன அந்த ‘ஒரு வார்த்தை’ என்ன? எழுதவில்லை. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளே போன பிறகு நீங்கள் எழுந்து போனீர்களா? அதுவும் இல்லை. அந்த எடிட்டர் தோற்றார் போங்கள்.

உங்கள் மகள் ஏன் அந்த நடிப்பைப் பிடித்துக்கொண்டாள் தெரியுமா? அவள் பார்க்கிற டிவியிலும் சரி, வீட்டிலும் சரி, பாட்டிக்கு ஒரு முகம் இருக்கிறது, அம்மாவுக்கு ஒரு முகம் இருக்கிறது. அப்பாவைப் போல நடித்துக் காட்டச் சொல்லுங்கள். போனைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்து உட்காருவாள்.

கேபிளைத் துண்டிக்கிற பேச்சே வேண்டாம். புருஷனைப் பறிகொடுத்த பெண்ணுக்கு ராத்திரி மூன்று மணி நேரம் பேச்சுத் துணை அது. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் துணையாக இல்லாததால்தான் டிவி துணையாக இருக்கிறது. தனிக்குடித்தனம் போங்கள் என்றும் சொல்ல மாட்டேன். தாயைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுவது பிள்ளையின் கடமை என்பதில் நான் பழைய காலத்து மனுஷி. ஆனால் அந்தக் கடமையை மருமகள் கையில் கரண்டியாகக் கொடுத்துவிட்டு நான் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொள்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்குச் செல்போனை சார்ஜில் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போங்கள். கரண்டியை வாங்கிக்கொண்டு, “போய் உட்கார்” என்று சொல்லுங்கள். அவள் உடனே உட்கார மாட்டாள், சோபா ஓரத்தில் பாதி உட்கார்ந்து எழப் பார்ப்பாள். அம்மா, “ஆம்பளப் பையனுக்கு அடுப்படியில என்னடா வேலை?” என்று கேட்பார், மருமகளை ஒரு பார்வையும் பார்ப்பார். அந்த இடத்தில் உங்களுக்கு வெளியில் எந்த வேலையும் வரக் கூடாது. பட்டறையிலிருந்து போன் வந்தாலும் எடுக்கக் கூடாது. கரண்டியோடு வாசலுக்கு வந்து, அம்மா முகத்தைப் பார்த்து, நீங்களே பதில் சொல்ல வேண்டும். என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள், அதை மட்டும் எழுதினால் போதும்.

முதல் தோசை கல்லில் ஒட்டும். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துவிட்டு ஊற்றுங்கள்.