பழைய டிராக்டர்: முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஆறு ஏக்கர் நஞ்சை வைத்திருக்கிறேன். 2012-ல் பதிவான மாஸி பெர்குசன் 1035 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இரண்டே முக்கால் லட்சம் சொல்கிறார்கள். மீட்டரில் 3,100 மணி நேரம் இருக்கிறது. ஒரே ஓனர், என்ஜின் இப்போதுதான் வேலை பார்த்தது, பெயிண்டும் புதுசு என்கிறார் தரகர். எதையெல்லாம் பார்த்து வாங்குவது? வாங்கிய பிறகு எந்த வேலையை முதலில் செய்வது?

பதில்: தரகர் சொன்ன மூன்றில் இரண்டு எனக்கு நல்ல செய்தியாகப் படவில்லை. விற்கப்போகிற வண்டிக்கு யாரும் ஆசையாகப் பெயிண்ட் அடிப்பதில்லை.

நானே இதில் ஏமாந்தவன்தான். மெக்கானிக் பட்டறை போட்ட புதிதில் சொந்தத்துக்கு ஒரு வண்டி வாங்கினேன். கிளட்ச் ஹவுசிங் பக்கம் பெயிண்ட் கொஞ்சம் தடிப்பாக இருந்தது. கண்ணில் பட்டது, ஆனால் நகத்தால் சுரண்டிப் பார்க்கத் தோன்றவில்லை. மூன்றாம் மாதம் டிரெய்லரில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வாய்க்கால் மேடு ஏறும்போது அந்த இடத்தில் ஆயில் சொட்டியது. சுரண்டினால் உள்ளே எம்சீல், அதாவது ஓட்டை அடைக்கிற பசை. அதற்கு அடியில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். அதிலிருந்து எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். நீங்களும் ஒன்று எடுத்துப் போங்கள். என்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடம், பின் ஆக்சில் போல்ட்டுகளைச் சுற்றியுள்ள இடம், இந்த இரண்டிலும் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் பேரமே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

வாங்குகிறவர்கள் எல்லோரும் என்ஜினையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். மூன்று சிலிண்டர் என்ஜினுக்கு லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றுவது எந்த ஊர் மெக்கானிக்கும் செய்கிற வேலை. செலவையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். கியர்பாக்ஸ், கிரவுன் பினியன் (பின் சக்கரங்களுக்கு விசையைத் திருப்பிவிடும் பல்சக்கரங்கள்), கலப்பையைத் தூக்குகிற ஹைட்ராலிக் எல்லாம் அப்படியில்லை. திறந்து பார்த்தால்தான் தெரியும்; திறந்த பிறகு விலை நம் கையில் இல்லை. அதுவும் டெல்டா வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம் மாட்டி ஆழமான சேற்றில் உழுத வண்டியில் ஆயில் சீல்கள் தேய்ந்து, தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கும். இந்த 1035-ல் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். தண்ணீர் புகுந்தால் இரண்டும் சேர்ந்தே கெடும்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. முதல் நாள் சாயங்காலத்திலிருந்து வண்டியை எடுக்காமல் வைக்கச் சொல்லிவிட்டு, காலையில் போங்கள். ஓனரிடம் கேட்டுக்கொண்டு பின் ஹவுசிங்கின் அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கை மெல்லத் தளர்த்துங்கள், முழுதாகக் கழற்ற வேண்டாம். தண்ணீர் ஆயிலைவிட கனம், ராத்திரி முழுக்க அடியில் இறங்கி நிற்கும். முதலில் தண்ணீர் சொட்டினாலோ, ஆயில் மோர் மாதிரி வெளுத்து வந்தாலோ, வண்டியின் வரலாறு தெரிந்துவிட்டது. பிளக்கைத் தொடவே விடமாட்டேன் என்று ஓனர் சொன்னால் அதுவும் ஒரு பதில்தான்.

காலையில் போவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. போனதும் என்ஜின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறதா என்பதுதான் நமக்கு வேண்டும். ஓடத் தொடங்கியதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். லேசான ஆவி பரவாயில்லை. குப்குப்பென்று புகை தள்ளினால் ரிங் போய்விட்டது, ‘இப்போதுதான் வேலை பார்த்தது’ என்பது பொய். உண்மையிலேயே வேலை பார்த்திருந்தால் லேத் பில்லும் ஸ்பேர் கடை பில்லும் இருக்கும், கேளுங்கள். சைலன்சரில் நீலப்புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகைக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். பாதி நேரம் அடைத்துப்போன ஏர் கிளீனர், இல்லையென்றால் என்ஜினுக்குள் டீசல் தெளிக்கிற நாசில்.

அடுத்து அந்த 3,100. பதின்மூன்று வருஷத்துக்கு வைத்துக்கொண்டால் வருஷத்துக்குச் சுமார் 240 மணி நேரம். வாடகைக்கு ஓடிய வண்டி ஒரு நாளைக்கு பத்து மணி நேரம் வீதம் 40 நாள் சேற்று உழவு ஓடினாலே 400 ஆகிவிடும். கேபிளில் ஓடுகிற மீட்டர் கடிகார மணியையும் காட்டாது, என்ஜின் சுற்றும் வேகத்தைப் பொறுத்துத்தான் நகரும். கேபிள் அறுந்து வருஷக்கணக்கில் ஓடிய வண்டிகளும் உண்டு. அதனால் மீட்டரை விட்டுவிட்டு டிரெய்லர் மாட்டுகிற கொக்கியின் ஓட்டைக்குள் விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். வட்டமாக இருந்தால் அதிகம் பாரம் இழுக்காத வண்டி. முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தால் அது மணலோ செங்கல்லோ இழுத்த வண்டி. கிளட்ச் பெடல் தேய்மானம், லோயர் லிங்க் (கலப்பை மாட்டும் கீழ்க்கைகள்) பந்துகளின் ஆட்டம், பி.டி.ஓ. தண்டின் (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு) பற்கள் ஆகியவையும் மீட்டரைவிட உண்மை பேசும்.

அப்புறம் வயலில் இறக்குங்கள். ஒன்பது கொழுக் கலப்பையை மாட்டி அரை மணி நேரம் உழுது பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சூடேறிய பிறகு கலப்பையைத் தூக்கி நிறுத்தி, என்ஜினை அணையுங்கள். ஒரு பீடி குடித்து முடிக்கும் நேரத்துக்குள் கலப்பை தரையைத் தொட்டால் ஹைட்ராலிக்கில் வேலை இருக்கிறது. ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் மாற்றுகிற அளவிலேயே முடியலாம். ஆனால் குளிர்ந்திருக்கும்போது நன்றாகத் தூக்கி, சூடானதும் திணறினால் பம்பு தேய்ந்துவிட்டது. இழுக்கும்போது கியர் தானாக நழுவுகிறதா என்றும் கவனியுங்கள். கிளட்ச்சுக்கு, திறந்த இடத்தில் டாப் கியர் போட்டு, இரண்டு பிரேக்கையும் அழுத்திக்கொண்டு கிளட்ச்சை மெல்ல விடுங்கள். என்ஜின் அணைய வேண்டும். அணையாமல் உறுமிக்கொண்டே நின்றால் பிளேட் போயிற்று.

சரி, வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே என்ஜினைப் பிரிக்க ஆள் கூப்பிடாதீர்கள். எல்லா ஆயிலையும் ஃபில்டர்களையும் மாற்றுங்கள், டீசல் டேங்கைக் கழுவுங்கள், ஏர் கிளீனர் கிண்ணத்தில் படிந்த சேற்றை வழித்துப் புது ஆயில் ஊற்றுங்கள், ரேடியேட்டரைச் சுத்தம் செய்யுங்கள், எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடியுங்கள். நாசிலைக் கழற்றி டீசல் பம்பு கடையில் சோதித்து வாங்குங்கள். ‘என்ஜினே போச்சு’ என்று என் பட்டறைக்கு வந்த பல வண்டிகள் இந்த வேலையிலேயே சரியாகிப் போயிருக்கின்றன. பிரேக்கும் ஸ்டியரிங் ஆட்டமும் அடுத்தது. முன் சக்கர ஹப்பைத் திறந்து பேரிங், சீல் பார்த்துவிடுங்கள். சேற்று வண்டியில் அது கட்டாயம்.

கிளட்ச் மாற்ற வேண்டி வந்தால் வண்டியை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும். கூலியில் பெரும்பகுதி அந்தப் பிரிப்புக்குத்தான். பிரித்த கையோடு ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்க் தண்டின் பின்பக்கத்து ஆயில் சீல் மூன்றையும் மாற்றிவிடுங்கள். சீலை மிச்சம் பிடிக்கப் பார்த்து, ஆறு மாதத்தில் மறுபடி பிரித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிளேட், பேரிங், லைனருக்கு கம்பெனி சாமான். லைட், மட்கார்டுக்கு எது கிடைத்தாலும் சரி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆறு ஏக்கருக்காக மட்டும் என்றால் டிராக்டர் கட்டுப்படியாகாது என்பது என் கணக்கு. அக்கம்பக்கத்தில் வாடகை உழவு ஓட்டுகிற எண்ணம் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் வேளாண்மைப் பொறியியல் துறையே வாடகைக்கு டிராக்டர் விடுகிறது, அதை ஒரு பருவம் பயன்படுத்திப் பாருங்கள்.

காகித வேலையில் ஒன்றிரண்டு. ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகின்றனவா என்று துணியால் துடைத்து நீங்களே படியுங்கள். கடன் பதிவு இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் தர வேண்டாம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உங்கள் முன்னால் கையெழுத்திட வேண்டும். தரகர் முன்பே கையெழுத்து வாங்கி வைத்திருக்கும் வெற்றுப் படிவம் வேண்டாம். டிரெய்லரும் சேர்த்துத் தருகிறார்கள் என்றால் அதற்குத் தனி எண், தனி ஆர்.சி. விவசாய வண்டியாகப் பதிவாகியிருந்தால் பதிவு 15 வருஷத்துக்குத்தான். உங்கள் வண்டிக்கு அது 2027-ல் முடிகிறது. புதுப்பிக்க ஆர்.டி.ஓ.விடம் காட்ட வேண்டும், அதற்குள் லைட், பிரேக் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். அந்தச் செலவை இப்போதே விலையில் கழித்துப் பேசுங்கள்.