அயர்லாந்துக் கம்யூனிச வரலாற்றில் முனைவர் ஆய்வு: ஒரு தந்தையின் கவலைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு பயிலும் தங்கள் மகள், அயர்லாந்தின் கம்யூனிச இயக்கத்துக்கும் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுபட்ட குடியரசை வேண்டிய அந்நாட்டுக் குடியரசுவாதிகளுக்கும் இருந்த உறவை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள விரும்புவதாகவும், அதைப் படித்தால் யார் வேலை தருவார்கள் என்று தாங்கள் கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். தலைப்பில் 'கம்யூனிசம்' என்ற சொல் இருப்பது தங்களை உறுத்துகிறது. என்னை உறுத்துவது அத்தலைப்பின் அகலம்.

சோசலிசத் தலைவரான ஜேம்ஸ் கானலி 1896-இல் டப்ளினில் சோசலிசக் குடியரசுக் கட்சியைத் தொடங்கினார். 1913-ஆம் ஆண்டு டப்ளின் முதலாளிகள் தொழிலாளரை வேலைக்கு விடாமல் நடத்திய கதவடைப்பின்போது தொழிலாளரைக் காக்க எழுந்த குடிமக்கள் படையை, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியில் தேசியவாதிகளோடு சேர்த்துக் களமிறக்கி, அதற்காக மரண தண்டனை பெற்றுச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மகன் ராடி தலைமையில் 1921-இல் உருவான கம்யூனிஸ்ட் கட்சி மூன்றாண்டுகளில் கலைந்து, 1933-இல் மீண்டும் நிறுவப்பட்டு, வடக்கு தெற்கு என்று பிரிந்து இயங்கி, 1970-இல் ஒன்றிணைந்தது. இத்தனையையும் ஒரே ஆய்வேட்டில் அடக்க முயன்றால் பிறர் எழுதியதன் சுருக்கமே மிஞ்சும்.

ஆகவே 1934 என்ற ஒரே ஆண்டை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, குடியரசுவாதிகளின் ஆயுதப் படையான ஐரிஷ் குடியரசுப் படையின் இடதுசாரிகள் தொடங்கிய 'சார் எய்ரா' அமைப்பைக் கத்தோலிக்க ஆயர்கள் கண்டித்தார்கள், அரசு தடை செய்தது. பின்னர் 1934-இல் பீடர் ஓ'டானல், ஃபிராங்க் ரயன் முதலியோர் அப்படையிலிருந்து விலகிக் குடியரசுக் காங்கிரஸ் என்ற இடதுசாரி அமைப்பை நிறுவினர். அவ்வாண்டு ஜூனில், குடியரசுவாதத்தின் முன்னோடியான உல்ஃப் டோனின் கல்லறை உள்ள போடன்ஸ்டவுனுக்குப் பெல்ஃபாஸ்ட்டின் ஷாங்கில் பகுதியிலிருந்து புராட்டஸ்டண்ட் தொழிலாளர்கள் அணிவகுத்து வந்தபோது, குடியரசுப் படையினரே அவர்களைத் தாக்கிப் பதாகைகளைப் பறிக்க முயன்றனர். செப்டம்பரில் டப்ளினின் ராத்மைன்ஸில் கூடிய மாநாட்டிலோ காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது: 'தொழிலாளர் குடியரசு' என்ற முழக்கத்தோடு புதிய கட்சி காண வேண்டும் என்று கானலியின் மகனும் மகள் நோராவும் நின்ற அணி வாதிட, முதலில் குடியரசு, அதற்கு ஐக்கிய முன்னணி போதும் என்ற அணியில் கம்யூனிஸ்ட் கட்சி நின்றது. கம்யூனிஸ்டுகள் ஏன் மிதமான முழக்கத்தின் பக்கம் போனார்கள் என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. இதற்கு விடை தேடுபவர் கட்சித் தாள்கள், காவல்துறைக் குறிப்புகள், நாளிதழ்கள் மூன்றையும் ஒன்றோடொன்று உரசிப் பார்க்காமல் முடியாது.

அந்த உரசிப் பார்க்கும் பயிற்சிக்குத்தான் ஆவணக் காப்பகங்களிலும் பதிப்பகங்களிலும் செய்தி நிறுவனங்களிலும் கல்லூரிகளிலும் ஊதியம் கிடைக்கிறது. வேலை உறுதி என்று நான் சொல்லமாட்டேன். வரலாற்றுத் துறையில் அப்படிச் சொல்பவரை நம்பாதீர்கள். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும் என்பதால், அயல்நாட்டு விண்ணப்பங்களுக்கு முன்பாக அத்தேர்வை எழுதிவிடுவது நல்லது. கட்சித் தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பாக இருந்த கம்யூனிஸ்ட் அகிலத்தின், மாஸ்கோவிலுள்ள கோப்புகள் வரை போக எண்ணினால் ரஷ்ய மொழியை இப்போதே தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டிலேயே ஆய்வு செய்வதென்றால், அயர்லாந்தை நன்கறிந்த நெறியாளர் கிடைப்பது கடினம். அதற்கு வேறொரு வாயில் உண்டு. பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி 1913 முதல் 1916 வரை டப்ளினில் சட்டம் பயின்றவர். கதவடைப்பின் காலத்தில் அந்நகரில் வாழ்ந்த அவர், எழுச்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. திரும்பி வந்து இரயில்வே தொழிற்சங்கத்தைக் கட்டி, 1937-இல் சென்னை மாகாணத் தொழிலாளர் அமைச்சரானார். டப்ளினில் கண்டது சென்னையில் எவ்வளவு பயன்பட்டது என்ற கேள்விக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்திலேயே வேலையைத் தொடங்கலாம், செலவும் குறைவு. என் தனிப்பட்ட சாய்வு இந்த வழியின் பக்கம்தான்.

தங்கள் மகள் எந்தக் கேள்விக்கு விடை தேடப்போகிறார் என்பதை இரண்டு பக்கங்களில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு இருவரும் நேரில் வாருங்கள்.