நிக்கோடீமஸ்: கான்சஸ் புல்வெளியில் ஒரு சிற்றூர் (கேள்வி பதில்)

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், கிரகாம் கவுண்டியில், சாலமன் ஆற்றின் தெற்குக் கிளையை ஒட்டி இருக்கிறது நிக்கோடீமஸ். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1877-இல் குடியேறிய ஊர். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? ஏன் அந்த வெட்டவெளிக்கு வந்தார்கள்?

பெரும்பாலோர் கென்டக்கிக்காரர்கள். லெக்சிங்டன், ஜார்ஜ்டவுன் பக்கம். 1862-ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி 5 ஆண்டுகள் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் சொந்தமாகும். பிறர் நிலத்தில் உழைத்தே தேய்ந்தவர்களுக்கு அந்த 160 ஏக்கர் எவ்வளவு பெரிது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நில வியாபாரியும் டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினத்தவரும் வேறு சிலரும் சேர்ந்து, மனை போட்டு விற்கும் ஊர்க் கம்பெனி தொடங்கினார்கள். துண்டறிக்கைகள் கென்டக்கி தேவாலயங்களுக்குப் போயின. 1877 செப்டம்பரில் ஏறத்தாழ 300 பேர் ரயிலில் எல்லிஸ் என்ற ஊர் வரை வந்து, அங்கிருந்து சுமார் 35 மைல் வடக்கே வந்து சேர்ந்தார்கள்.

வந்தவர்கள் பார்த்தது என்ன? மரம் இல்லை, வீடு இல்லை. அடுத்த வசந்தத்தில் வந்த வில்லியானா ஹிக்மன் பிற்காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். ஆண்கள் ‘அதோ நிக்கோடீமஸ்!’ என்று கூவுகிறார்கள். இவர் கண்ணுக்கு ஊரே தெரியவில்லை. கணவர் கை காட்டிய இடத்தில் தரையிலிருந்து புகை எழும்புகிறது. ஜனங்கள் மண்ணைக் குடைந்து உள்ளே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து அவர் அழுதுவிட்டார். வழியில் எல்லிஸில் தட்டம்மை பரவிக் குழந்தைகளைப் பறிகொடுத்துவிட்டு வந்த கூட்டம் அது. எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்கு நேரமாகும்.

முதல் குளிர்காலத்தை எப்படித் தாண்டினார்கள்?

வேட்டை முடித்துத் திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சியைப் பகிர்ந்தார்கள். மாநிலத்தின் பிற பகுதிகளிலிருந்தும் உதவி வந்தது. விறகு கிடைக்காததால் காய்ந்த சாணமும் சூரியகாந்தித் தண்டும்தான் எரிபொருள். ஏர் பூட்டக் குதிரை மிகச் சிலரிடமே இருந்ததால் பலர் மண்வெட்டியால் கொத்தித்தான் முதல் விதை போட்டார்கள்.

1879-இல் தென் மாநிலக் கறுப்பின மக்கள் கான்சஸுக்குத் திரண்டு வந்த ‘எக்சோடஸ்டர்’ பெருங்குடிபெயர்வில் உருவான ஊர்தானே இது?

இல்லை. நிக்கோடீமஸ் 1877. இரண்டு வருடம் முந்தியது, பெரும்பாலும் கென்டக்கிக்காரர்களின் ஊர். 1879 கூட்டம் வேறு, அதில் மிசிசிப்பி, லூசியானா பக்கத்து மக்கள் அதிகம். இரண்டையும் தயவுசெய்து கலக்காதீர்கள்.

பைபிளில் வரும் நிக்கொதேமுவின் பெயரா?

அப்படிச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஹென்றி கிளே ஒர்க் 1864-இல் எழுதிய பாட்டு ஒன்றில் நிக்கோடீமஸ் என்ற அடிமை வருகிறார். ஊர்க் கம்பெனியின் விளம்பரத்திலும் அந்தப் பாட்டின் சாயல் இருக்கிறது. நான் பாட்டின் பக்கம்.

ரயில் வராததால்தானே ஊர் செத்துப்போனது?

ஊர் சாகவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1880-களில் அங்கே கடைகள், ஹோட்டல், இரண்டு செய்தித்தாள்கள் எல்லாம் இருந்தன. அங்கே வாழ்ந்த எட்வின் மெக்கேப் 1882-இல் மாநிலத் தணிக்கையாளராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். மிசூரி பசிபிக் ரயிலை வரவழைக்க 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் தர ஊரார் வாக்களித்தார்கள். பேச்சு முறிந்தது. 1888-இல் யூனியன் பசிபிக் என்ற வேறொரு ரயில் கம்பெனி ஆற்றுக்குத் தெற்கே தண்டவாளம் போட்டது. வியாபாரிகள் கட்டடங்களையே பெயர்த்துக்கொண்டு அங்கே உருவான போக் என்ற ஊருக்குப் போனார்கள். விவசாயிகள் போகவில்லை.

மீண்டும் அதே அன்பர்: ரயில் வந்திருந்தால் பெரிய நகரமாகியிருக்கும் அல்லவா?

ரயில் கிடைத்த போக்கைப் பாருங்கள். இன்று அங்கே 200 பேர்கூட இல்லை.

வரைபடத்தை எடுத்து 100-ஆவது மேற்குத் தீர்க்கரேகையைத் தேடுங்கள். நிக்கோடீமஸுக்கு மேற்கே சுமார் 20 மைலில் ஓடுகிறது. மழையை நம்பி விவசாயம் செய்யலாமா கூடாதா என்ற எல்லை ஏறக்குறைய அதுதான். ஆண்டுக்கு 500 முதல் 600 மி.மீ. மழை, அதுவும் ஒரு வருடம் கொட்டும், அடுத்த வருடம் ஏமாற்றும். ‘ஏர் போன இடத்துக்கு மழை வரும்’ என்று அன்றைய நில வியாபாரிகள் நம்பவைத்தார்கள். அப்படிப்பட்ட மண்ணில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குப் போதாது. 1930-களின் வறட்சியும் புழுதிப் புயலும் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து வந்தபோது சிறு விவசாயிகள் நிற்க முடியவில்லை. ரயில் கடைத்தெருவைக் கொண்டுபோனது. வயலிலிருந்து ஆட்களைக் கிளப்பியது வறட்சி.

ஐயா, நான் குறுக்கிடுகிறேன். கறுப்பினத்தவர் ஊர் என்பதால்தானே ரயில் ஒதுங்கிப் போனது?

நியாயமான சந்தேகம். ஆனால் அந்தக் காலத்தில் ரயில் கம்பெனிகள் வெள்ளையர் ஊர்களையும் இப்படித் தவிக்கவிட்டன. அதே நேரம், கையில் சேமிப்பே இல்லாமல் வந்தவர்களுக்கு அந்த அடி பல மடங்கு வலித்தது. அந்தச் சேமிப்பை அவர்களிடமிருந்து பறித்தது அடிமை முறை. நிறவெறியை அந்தப் பறிப்பில் தேடினால் உங்களுக்குக் கண்டிப்பாகக் கிடைக்கும்.

1879-இல் வந்தவர்கள் எத்தனை பேர்?

மேலே பாருங்கள். 1877.

அங்கே பிறந்த என் நண்பரின் முன்னோர் விவரம் கிடைக்குமா?

அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஹோம்ஸ்டெட் கோப்புகளைக் கேளுங்கள்.

அந்தப் ‘பேய் ஊரை’ப் பார்க்க எப்போது போகலாம்?

பேய் ஊர் என்று எழுதாதீர்கள். தபால் நிலையம் 1953-இல் மூடியது உண்மை, நிரந்தரமாக இருப்பவர்கள் வெகு சிலர் என்பதும் உண்மை. 1996 முதல் அது தேசிய வரலாற்றுத் தலம். ஊர் மன்றம், இரண்டு தேவாலயங்கள், பழைய ஹோட்டல், பள்ளி என ஐந்து கட்டடங்கள் நிற்கின்றன. ஜூலைக் கடைசி வாரக் கடைசியில் போங்கள். வெளியூர்களில் இருக்கும் வழித்தோன்றல்கள் வந்து கூடும் திருவிழா நடக்கும். பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் 1834 ஆகஸ்ட் 1 அன்று வந்த விடுதலையைக் கொண்டாடத் தொடங்கிய விழா அது. அன்றைக்குப் போனால் உட்கார நாற்காலி கிடைப்பதே கஷ்டம்.